உடற்பயிற்சியின்போது நீரிழப்பு: கோலாலம்பூர், பினாங்கு வாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கே.எல்.சி.சி. பூங்காவின் 1.3 கிலோமீட்டர் தடத்தில் மெதுவோட்டம் ஓடுவோர், புக்கிட் காசிங் ஏறுவோர், பினாங்குக் கொடிமலைக்கு நடந்தே போவோர், பூப்பந்து ஆடுவோர், சிலம்பம் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோர் அடிக்கடி கேட்பவை இவை. இங்குள்ள அளவுகள் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளுக்கும் தினமும் மருந்து சாப்பிடுவோருக்கும் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எவ்வளவு நீர் போனால் அதை நீரிழப்பு என்று சொல்வது?

உடல் எடையை வைத்துக் கணக்கிடுவதுதான் சுலபம். ஒரு லிட்டர் வியர்வை ஏறக்குறைய ஒரு கிலோ. எடையில் 1 விழுக்காடு வரை கூடுவதும் குறைவதும் அன்றாடம் நடப்பதுதான். 2 விழுக்காட்டைத் தாண்டினால், அதாவது 70 கிலோ எடையுள்ளவர் 1.4 கிலோவுக்கு மேல் இழந்தால், நீண்ட நேரம் ஓடுவது, சைக்கிள் ஓட்டுவது போன்றவற்றில் வேகம் குறையத் தொடங்கும். வெப்பமான இடத்தில் இந்தச் சரிவு இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரே மூச்சில் பளு தூக்குவது போன்ற குறுகிய நேர முயற்சிகளை அதே அளவு இழப்பு பெரிதாகப் பாதிப்பதில்லை. ஜிம்மில் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர் ஓட்டத்தில் திணறுவது இதனால்தான்.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

வியர்வைச் சுரப்பிகள் வியர்வைக்கான நீரை இரத்தத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த திசு நீரிலிருந்தும் எடுக்கின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும்போது இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தமும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் அளவு சுருங்குவதால், அதை ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. உடல் எடையில் ஒவ்வொரு 1 விழுக்காடு இழப்புக்கும் நிமிடத்துக்குச் சுமார் 3 முதல் 5 துடிப்புகள் கூடும். வேகத்தை மாற்றாமல் ஓடும்போதும் கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து வருவது வெப்பம். தசைகள் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அசைவாக மாறுகிறது; மற்றதெல்லாம் சூடு. அந்தச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுபோவது இரத்தம். தசைக்கும் இரத்தம் வேண்டும், தோலுக்கும் வேண்டும். இரண்டுக்கும் போதாதபோது தோலுக்குப் போகும் இரத்த ஓட்டமும் வியர்வையும் குறைந்து, உள்ளுடல் வெப்பம் ஏறுகிறது. ஒவ்வொரு 1 விழுக்காடு இழப்புக்கும் 0.1 முதல் 0.2 டிகிரி செல்சியஸ் கூடுதலாக ஏறும் என்று கணக்கிடுகிறார்கள். சிறிய எண்ணாகத் தெரிந்தாலும், கடும் உழைப்பில் ஏற்கெனவே 39 டிகிரியைத் தொட்டிருக்கும் உடம்புக்கு இது பெரிய சுமை.

குடலுக்கும் இரத்தம் குறைகிறது. குமட்டல், வயிற்றில் தண்ணீர் குலுங்குவது போன்ற உணர்வு ஆகியவை இதிலிருந்து வரலாம். நீரிழப்பு முற்றிய பிறகு குடித்தால் வயிறு அதை மெதுவாகவே கீழே அனுப்பும். பின்தங்கிவிட்டு ஒரேயடியாகக் குடித்து ஈடுகட்ட முடியாததற்குக் காரணம் இதுதான். தசையில் சேமித்த மாவுச்சத்தும் வழக்கத்தைவிட வேகமாகத் தீர்கிறது. இதற்கிடையே மூளை நீர்காப்பு ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. சிறுநீரகம் சிறுநீரைக் குறைத்து அடர்த்தியாக்குகிறது.

நம் ஊரில் சட்டை பிழியப் பிழிய வியர்த்தும் உடம்பு ஏன் குளிர்வதில்லை?

வியர்வை ஆவியானால்தான் சூடு வெளியேறும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் தோலில் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் உண்டாகும் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவுதான். வறண்ட காற்றில் ஒரு லிட்டர் வியர்வையே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம். ஈரக் காற்றில் வியர்வையில் ஒரு பகுதி சொட்டிக் கீழே விழுகிறது. சொட்டிய நீர் உடம்பைக் குளிர்விப்பதில்லை; இழப்புக் கணக்கில் மட்டும் சேர்கிறது. சூடு இறங்காததால் உடம்பு மேலும் வியர்க்கிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஓடுபவர் நீரிழப்பை மற்றவர்களைவிட அக்கறையோடு கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

காலையில் ஈரப்பதம் 95 விழுக்காடு என்று கைப்பேசி காட்டுகிறது. அப்படியானால் மதியம் ஓடுவது மேலா?

கூடாது. கைப்பேசி காட்டும் விழுக்காடு, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. காலை 25 டிகிரியில் 95 விழுக்காடு என்றாலும், மதியம் 33 டிகிரியில் 60 விழுக்காடு என்றாலும், ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி ஏறக்குறைய 22 கிராம்தான். வியர்வை ஆவியாவதற்கான வாய்ப்பு இரண்டு நேரத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் மதியம் காற்றின் சூடும், தார் சாலையிலிருந்து எழும் சூடும், தலைக்கு மேல் வெயிலும் சேர்ந்துகொள்கின்றன. விடியற்காலையே நல்லது. மாலை என்றால் 6 மணிக்குப் பிறகு, மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறையான மெட் மலேசியா முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். 37 டிகிரியிலிருந்து இரண்டாம் நிலை. இந்த நாட்களில் பகல்நேர வெளிப்பயிற்சியை விட்டுவிடுங்கள்.

எனக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ்" என்ற கணக்கு பயிற்சி செய்பவருக்கு உதவாது. ஒருவர் மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பார். அதே பாதையில் பக்கத்தில் ஓடுபவர் இரண்டு லிட்டர் வியர்ப்பார். உங்கள் அளவை நீங்களே வீட்டில் கண்டறியலாம். 100 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் மின்னியல் எடைத் தராசு போதும்.

1. சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு மட்டும் எடை பாருங்கள்.
2. போத்தலில் எத்தனை மில்லி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
3. வழக்கமான வேகத்தில் சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். இடையில் சிறுநீர் கழிக்காமல் இருந்தால் கணக்கு சுலபம்.
4. வந்தவுடன் ஈர உடைகளைக் கழற்றி, தலைமுடி உட்பட உடம்பை நன்றாகத் துவட்டி, மறுபடியும் உள்ளாடையோடு எடை பாருங்கள். நனைந்த டி-சட்டையே சில நூறு கிராம் பிடித்துவைத்திருக்கும். அதோடு நின்றால் கணக்கு தவறிவிடும்.
5. குறைந்த எடையோடு குடித்த அளவைக் கூட்டுங்கள்.

எடுத்துக்காட்டாக, முன்பு 68.4 கிலோ, பின்பு 67.5 கிலோ, குடித்தது 400 மில்லி. 0.9 உடன் 0.4 சேர்த்தால் மணிக்கு 1.3 லிட்டர்.

இவருக்கு 2 விழுக்காடு என்பது சுமார் 1.37 கிலோ. ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒன்றுமே குடிக்காவிட்டாலும் எல்லைக்குள் இருப்பார். வசதிக்காகக் கொஞ்சம் குடித்தால் போதும். இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் அரை மராத்தானில் இழப்பு 3.25 லிட்டர். அதில் 1.37 போக, மீதி சுமார் 1.9 லிட்டரை வழியில் குடித்தாக வேண்டும். மணிக்கு 750 மில்லி, அதாவது 15 நிமிடத்துக்கு ஒருமுறை 190 மில்லி. இழந்ததை முழுவதும் ஈடுகட்டும் அவசியம் இல்லை.

இதை ஒரு காலைப் பொழுதிலும் ஒரு மாலைப் பொழுதிலும் செய்து பாருங்கள். வேகம் கூடினால் வியர்வையும் கூடும். போட்டி வேகத்தில் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

ஓடுவதற்கு முன்பு?

நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்து கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி. 60 கிலோ உள்ளவருக்கு 300 முதல் 420 மில்லி. விடியற்காலையில் ஓடுபவர் இதை முந்தைய இரவு உணவோடு சேர்த்துக்கொண்டு, எழுந்ததும் ஒரு டம்ளர் குடிக்கலாம். பினாங்குப் பாலத்து மராத்தான்போல இருட்டிலேயே தொடங்கும் ஓட்டங்களுக்கும் இதே முறைதான். புறப்படும் நேரத்தில் ஒரு லிட்டரை மொத்தமாக விழுங்கினால் கழிப்பறையைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

தாகம் எடுத்தால் குடித்தால் போதாதா?

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கும் மெதுவான நடைக்கும் போதும். இரத்தம் சற்று அடர்ந்த பிறகுதான் தாகம் எழும். அதிகம் வியர்ப்பவர் நீண்ட நேரம் ஓடினால் தாகம் பின்தங்கிவிடும். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தாக உணர்வே மங்கியிருக்கும். இவர்கள் எல்லாரும் அளந்து குடிப்பது பாதுகாப்பு.

சிறுநீரின் நிறத்தை நம்பலாமா?

காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரை நம்பலாம். வெளிர் மஞ்சள் நல்லது. ஆப்பிள் சாற்றின் நிறம் என்றால் குடித்தது குறைவு. பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். அதை நீரிழப்பு என்று எண்ண வேண்டாம். பயிற்சி முடிந்த உடனே பார்ப்பதும் சரியான கணக்கைத் தராது. கோலா நிறம் வந்தால் அது வேறு விஷயம். தசைச் சிதைவின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

100 பிளஸ், இளநீர், வெறும் தண்ணீர்: எதைக் குடிப்பது?

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் இரண்டு விஷயம் தேவைப்படுகிறது: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, கொஞ்சம் உப்பு.

ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகும். ஆளுக்கு ஆள் இது அரை கிராம் முதல் ஒன்றரை கிராமுக்கு மேலும் மாறும். கறுப்புச் சட்டையிலும் தொப்பியிலும் வெள்ளைக் கோடு படிந்தால், கண்ணில் வியர்வை பட்டு எரிந்தால், நீங்கள் உப்பை அதிகம் இழப்பவர்.

100 பிளஸ் போன்ற விளையாட்டுப் பானங்களில் இருக்கும் சோடியம் வியர்வையில் இருப்பதைவிடக் குறைவு. ஆனாலும் தண்ணீரைவிட அவை உடம்பில் நன்றாகத் தங்கும். 2019 ஜூலை முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு மலேசியாவில் வரி வந்தது. பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. பழைய நினைவில் கணக்குப் போடாமல் லேபிளைப் படியுங்கள். 100 மில்லிக்கு 4 முதல் 8 கிராம் வரை ஓட்டத்தின்போது பொருந்தும். 8 கிராமைத் தாண்டினால் வயிறு மெதுவாகக் காலியாகும். கேஸ் உள்ளதைப் போத்தலில் ஊற்றி, ஆட்டி, கேஸ் போக்கிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஓடும்போது ஏப்பமும் உப்புசமும் வராது.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம்தான். ஆகவே ஓடி முடித்த பிறகு உப்பு சேர்ந்த பசியாறலோடு இளநீர் குடித்தால் பொருத்தம். தோசையும் சாம்பாரும், ரொட்டிச் சானாயும் பருப்புக் குழம்பும் தேவையான உப்பைத் தந்துவிடும். உப்பிட்ட மோரும் ரசமும் இந்த நேரத்துக்கென்றே ஏற்பட்டவை.

வீட்டிலேயே விளையாட்டுப் பானம் செய்யலாமா?

தாராளமாக. ஒரு லிட்டர் தண்ணீர், சமமாகத் தட்டிய 4 மேசைக்கரண்டி சர்க்கரை (சுமார் 50 கிராம்), கால் தேக்கரண்டி உப்பு (சுமார் 600 மில்லிகிராம் சோடியம்), ஒரு எலுமிச்சையின் சாறு. உப்பைக் குவித்துப் போடாதீர்கள். உப்பு மிஞ்சினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். குடல் நீரை உடம்பிலிருந்து தன் பக்கம் இழுத்துவிடும்.

மருந்துக்கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வயிற்றுப்போக்குக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் உப்பு கூடுதல், சர்க்கரை குறைவு. நிறைய வியர்த்த பிறகு மீட்சிக்கு உதவும். பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் "ஸ்ட்ராங்காக" கலக்கக் கூடாது.

ஓடிய சூட்டோடு ஐஸ் தண்ணீர் குடித்தால் ஆபத்து என்கிறார்களே?

நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்கு ஆபத்து இல்லை. குளிர்ந்த நீர் உள்ளுடல் வெப்பத்தைச் சற்றே குறைக்கும். ருசியாக இருப்பதால் கூடுதலாகவும் குடிப்போம். மடமடவென்று விழுங்கினால் நெற்றி வலிக்கும், சிலருக்கு வயிறு பிடிக்கும். வாய்வாயாகக் குடியுங்கள்.

தே தாரிக், காப்பி, பீர்?

தினமும் குடிப்பவருக்கு ஒன்றிரண்டு கிளாஸ் தேநீரோ காப்பியோ நீரை வடித்துவிடாது. தே தாரிக்கில் யோசிக்க வேண்டியது அதிலுள்ள கெட்டிப்பாலின் சர்க்கரைதான். மாமாக் கடையில் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) கேட்டால் போதும். மது சிறுநீரைப் பெருக்கி மீட்சியைத் தாமதப்படுத்தும். ஞாயிறு ஓட்டத்துக்கு முந்தைய இரவு வேண்டாம்.

மின்விசிறி இல்லாத பூப்பந்து மண்டபத்தில் ஏன் அவ்வளவு களைப்பு?

இறகுப்பந்து திசைமாறும் என்று விசிறியை நிறுத்தி, கதவுகளையும் சாத்திவிடுகிறார்கள். தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விலக்க ஆளில்லை; வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டக்காரருக்கு ஓடுவதாலேயே காற்று கிடைக்கிறது. பூப்பந்துக்காரருக்கு அதுவும் இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் வெளியே வந்து விசிறியின் முன் நில்லுங்கள், 150 முதல் 200 மில்லி குடியுங்கள், இரண்டாவது சட்டை வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டப்பட்ட ஜிம்மிலும் வியர்வை உண்டு. உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடினால் எடை குறையுமா?

குறைவது தண்ணீர். கொழுப்பு கரைவதில்லை. இரண்டு போத்தல் குடித்தால் எடை திரும்பிவிடும். ஆவியாதலை அடியோடு தடுத்து உள்வெப்பத்தை ஏற்றும் அந்த உடையை இந்த ஊரில் யாரும் போடக் கூடாது என்றே சொல்வோம்.

தசைப்பிடிப்பு தண்ணீர் குறைவால்தான் வருகிறதா?

பெரும்பாலும் தசை சோர்ந்து நரம்புக் கட்டுப்பாடு தடுமாறுவதால் வருகிறது. உப்பை அதிகம் இழப்பவர்களுக்கு அதுவும் ஒரு காரணம். நின்று, பிடித்த தசையை மெதுவாக நீட்டிவிடுங்கள். அதுதான் விரைவாகக் கேட்கும். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பதால் பிடிப்பு விடாது.

தண்ணீர் அதிகமானால் என்ன? சிறுநீராகப் போய்விடாதா?

நீண்ட பயிற்சியின்போது போகாமல் இருக்கலாம். நீர்காப்பு ஹார்மோன் வேலைசெய்துகொண்டிருக்கும் நேரத்தில் வியர்வையைவிட அதிகம் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அது சோடியக் குறைவு. மூளை வீங்கி, வலிப்பு வந்து, உயிரும் போகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பவர்களே அதிகம் சிக்குகிறார்கள். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவது ஆபத்தைக் கூட்டும்.

அடையாளம்: மோதிரமும் கைக்கடிகாரப் பட்டையும் இறுகும், வயிறு உப்பும், வாந்தி, தலைவலி, குழப்பம். எடை பார்த்தால் தொடங்கியபோது இருந்ததைவிடக் கூடியிருக்கும். இவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பயிற்சி முடிவில் உங்கள் எடை ஒருபோதும் கூடியிருக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

முடிந்த பிறகு எவ்வளவு?

குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில், உப்புள்ள உணவோடு. மறுநாள்தான் அடுத்த பயிற்சி என்றால் கணக்கே வேண்டாம். சாப்பாடும் தாகமும் பார்த்துக்கொள்ளும்.

தைப்பூச நடை, விரதம், நோன்பு?

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அதற்குப் பிறகு 272 படிகள். பினாங்குத் தண்ணீர்மலையில் 513 படிகள். நாள்கணக்கில் ஒருவேளை உணவோடு இருந்துவிட்டுக் காவடி சுமப்பவரின் உடம்பில் உப்பும் மாவுச்சத்தும் ஏற்கெனவே குறைந்திருக்கும். முந்தைய இரவு உப்புச் சேர்த்த கஞ்சியோ மோரோ குடிக்கலாம். தண்ணீர்ப் பந்தலில் தரும் சர்பத்தையே தொடர்ந்து குடிக்காமல் மோரையும் தண்ணீரையும் மாற்றி மாற்றி எடுங்கள். தார் சாலை சுடுவதற்கு முன் நடையை முடிப்பது இன்னும் நல்லது.

ரமலான் நோன்பிருப்போர் கடும் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மாலையில்தான் முடியும் என்றால் நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது மிதமான நடை மட்டும்.

பிள்ளைகள்?

விளையாட்டின் மும்முரத்தில் பிள்ளைகள் குடிக்க மறந்துவிடுவார்கள். 9 முதல் 12 வயதுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி போதும். பள்ளி விளையாட்டுப் போட்டி ஒத்திகையின்போது ஆசிரியரே விசில் ஊதி எல்லாரையும் குடிக்க வைப்பதுதான் நடைமுறையில் பயன்தரும். தண்ணீர் கேட்பதைச் சோம்பல் என்று கண்டிக்கவோ, தண்ணீர் தராமல் தண்டிக்கவோ எந்தப் பயிற்சியாளருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதுவகை இனிப்புநீர் மாத்திரைகளும் நீரிழப்பைக் கூட்டும். சில கொதிப்பு மாத்திரைகள் நீரிழப்போடு சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீண்ட ஓட்டம், மலையேற்றம் உள்ள நாட்களில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இங்கே சொன்ன குடிக்கும் அளவுகள் பொருந்தாது.

ஒருவர் தள்ளாடி விழுந்துவிட்டார். என்ன செய்வது?

முதலில் பேச்சுக் கொடுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறார், தலை மட்டும் சுற்றுகிறது என்றால், நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, வாய்வாயாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனை.

உளறுகிறார், சண்டைபிடிக்கிறார், யார் என்று தெரியாமல் விழிக்கிறார், நினைவில்லை என்றால் அதை வெப்பத் தாக்கமாகவே கருதுங்கள். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஓடி விழுந்தவர் வியர்வையில் நனைந்தே இருப்பார். ஒருவர் 999 அழைக்கட்டும், மற்றவர்கள் அந்தக் கணமே குளிர்விக்கத் தொடங்குங்கள். பெரிய தொட்டியும் ஐஸ் தண்ணீரும் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை அமிழ்த்துவது மிகச் சிறந்த வழி. இல்லையென்றால் சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பக்கத்துக் கடையில் ஐஸ் மூட்டை வாங்கி, ஐஸ் நீரில் நனைத்த துண்டுகளை உடம்பெங்கும் போர்த்தி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள்.

நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் குளிர்வித்துக்கொண்டே இருங்கள்; முதல் 30 நிமிடத்துக்குள் வெப்பம் 39 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். வெளியில் தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படலாம். குறைந்தது ஒரு வாரத்துக்கு எந்தப் பயிற்சியும் கூடாது. மீண்டும் ஓடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.